பிராஜெக்ட் கைடா இருக்கறவங்க கொஞ்சம் வாங்க: பசங்க ஆய்வுக் கட்டுரையில நாம எவ்வளவு கை வைக்கலாம்?

அரசலாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில வரலாறு எடுக்கறேன், எம்.ஏ. கடைசி செமஸ்டர் பசங்களுக்கு பிராஜெக்ட் கைடு. தலைப்பு என்னன்னு கேட்டா வருஷா வருஷம் வர்றது இதுதான்: "சோழர் கால நீர் மேலாண்மை", "காவிரி நதிநீர்ப் பிரச்சனை ஓர் ஆய்வு", "தஞ்சைப் பெரிய கோயில் ஒரு வரலாற்றுப் பார்வை". ஒவ்வொண்ணும் ஒரு ஆயுசுக்கான வேலை. ஒரே செமஸ்டர்ல, மத்த பேப்பரையும் படிச்சுக்கிட்டு, பார்ட் டைம் வேலைக்கும் போயிக்கிட்டு ஒரு பிள்ளை இத எப்படி பண்ணும்?

சரி, நானே தலைப்ப குறுக்கி கையில கொடுத்தா அது என் கட்டுரை ஆயிடுது, பிள்ளைங்க நான் சொன்னதுக்கு டைப் அடிக்கற ஆளா மாறிடறாங்க. ஒண்ணும் சொல்லாம விட்டா டிடிபி சென்டர்ல போன வருஷ பிராஜெக்ட் காப்பி இருக்கும், பேரையும் வருஷத்தையும் மாத்தி ஸ்பைரல் போட்டு வந்துடும். இப்ப அதுக்கும் மேல சாட்ஜிபிடி. எங்க பசங்கள்ல பாதிக்கு மேல வீட்டுலயே முதல் முதலா காலேஜ் வந்தவங்க, கட்டுரைன்னா என்னன்னு வீட்ல கேக்க ஆள் கிடையாது. இவங்களோட எவ்வளவு தூரம் கூட நடக்கணும், எங்க நின்னுக்கணும்? அனுபவம் உள்ளவங்க விலாவாரியா எழுதுங்க, நீளமா இருந்தாலும் படிக்கறேன்.

கடைமடை_டீச்சர் எழுதியது:

மேடம், நான் தலைஞாயிறு பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில இருக்கேன். காலேஜ் அளவு இல்ல, தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு பிள்ளைங்கள ஆய்வு பண்ண வைக்கறதுல கொஞ்சம் பழக்கம். 10லேருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க தங்க ஊர் பிரச்சனையையே எடுத்து பண்ணணும்ங்கறது அதோட அடிப்படை, நம்ம மாநிலத்துல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இத ரொம்ப நாளா ஒருங்கிணைச்சிக்கிட்டு வருது.

தலைப்ப நீங்க குறுக்காதீங்க, பிள்ளைய குறுக்க வைங்க. எப்படின்னா கேள்வி கேட்டுக்கிட்டே போகணும். ஒரு பையன் காவிரி பிரச்சனைன்னு வந்தான். உனக்கு அதுல எது பிரச்சனைன்னு கேட்டேன். தண்ணி வரல டீச்சர்னான். எங்க வரல? எங்க வாய்க்கால்ல. எப்ப வரும்? மேட்டூர் தொறந்து ரொம்ப நாள் கழிச்சு. எத்தனை நாள்? தெரியல. அவ்வளவுதான், கேள்வி கெடைச்சுடுச்சு. மேட்டூர்ல தொறக்கற தேதிக்கும் எங்க ஊர் மதகுக்கு தண்ணி வந்து சேர்ற தேதிக்கும் இடையில எவ்வளவு நாள் ஆகுது, எந்த வருஷம் கூடுது, ஏன்.

மேட்டூர் தொறந்த தேதி எல்லாம் பேப்பர்ல கெடைக்கும். ஜூன் 12 வழக்கமான தேதி, ஆனா 2022ல மே 24லயே தொறந்தாங்க, 2024ல ஜூலை 28 ஆயிடுச்சு. கஷ்டம் எங்கன்னா நம்ம ஊர் மதகுக்கு வந்த தேதி எந்தப் பேப்பர்லயும் வராது. அத மதகு தொறந்து மூடற லஸ்கர்கிட்ட கேக்கணும், நாத்து விட்ட தேதிய காலண்டர்ல குறிச்சு வைக்கற விவசாயிகிட்ட கேக்கணும், உரக்கடை பில்லு, டிராக்டர்காரர் உழவுக்கு வந்த நாள் கணக்கு இதெல்லாம் தேடணும். அந்தப் பையன் தேடினான். இப்படித் தேடினதுதான் ஆய்வு. 1924 ஒப்பந்தம், 1990ல நடுவர் மன்றம், 2018ல சுப்ரீம் கோர்ட் சொன்ன 177.25 டிஎம்சி எல்லாம் முன்னுரையில ஒரு பத்தியில முடிஞ்சு போச்சு, அதுக்கு மேல அதுக்கு அங்க வேலையும் இல்ல.

நான் பசங்களுக்கு வைக்கற ஒரே கட்டுப்பாடு: உன் சைக்கிள் போற தூரத்துல பதில் இருக்கற கேள்வியா கொண்டு வா.

பாமணி எழுதியது:

நல்ல இழை. ஃபாலோ பண்றேன்.

குடந்தை_பெரியவர் எழுதியது:

ஓய்வு பெற்ற பேராசிரியர் நான். டீச்சரம்மா சொன்னது நூத்துக்கு நூறு. காலேஜ் லெவலுக்கு கொஞ்சம் சேத்துச் சொல்றேன்.

வரலாறு பிராஜெக்ட்ல முக்கால்வாசி விழறது மூல ஆதாரத்துலதான். பெரிய கோயில்னு வர்ற பிள்ளைகிட்ட, கோயில் கட்டி முடிச்சது 1010, அதிஷ்டானம், அதாவது அடித்தளம், முழுக்க கல்வெட்டு, அத கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில பதிப்பிச்சிருக்கார்னு சொல்லி அனுப்பிச்சா அது மிரண்டுதான் போகும். அதே தொகுதியில தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில்ல ஆடற பெண்கள், 400 பேருக்கு வீடும் பங்கும் கொடுத்த கல்வெட்டு ஒண்ணு இருக்கு. எந்தெந்த ஊர்லேருந்து அவங்கள கொண்டு வந்தாங்கன்னு அதுலயே இருக்கு. ஒரு பொண்ணுகிட்ட அத மட்டும் கொடுத்து, இந்த ஊர்ல இன்னைக்கும் அதே பேர்ல எது எது இருக்கு, மேப்ல குறிச்சிட்டு வான்னேன். ஒரே கல்வெட்டு, ஒரே மேப். அந்தப் பொண்ணு நிறைய கண்டுபிடிச்சுது, சில ஊர் அடையாளம் தெரியலன்னும் தைரியமா எழுதுச்சு.

அதனால கைடோட முதல் வேலை, பிள்ளையால வாசிக்க முடியற ஆதாரம் இதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கறது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துல மோடிங்கற பழைய மராத்தி எழுத்துல எழுதின ஆவணங்கள் கட்டு கட்டா இருக்கு, ஆனா மோடி எழுத்து தெரியாத பிள்ளைய அங்க அனுப்பி என்ன பிரயோஜனம்? அதுக்கு பதில் 1906ல வந்த தஞ்சாவூர் கெஜட்டியர்ல (மாவட்ட விவரத் தொகுப்பு) தன் தாலுகா பத்தி உள்ள பக்கத்த படிக்கச் சொல்லி, இன்னைக்கு என்ன மாறியிருக்குன்னு பாக்கச் சொல்லலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல பழைய நூல், பத்திரிகை எல்லாம் வீட்லேருந்தே பாக்கலாம், பஸ் செலவு கூட இல்ல.

ரெண்டாவது வேலை நோட்ட படிக்கறது. டிராஃப்ட் வரட்டும் அப்பறம் பாத்துக்கலாம்னு உக்காந்திருக்கற கைடு பாதி வேலைய விட்டுட்டார்னு அர்த்தம். வாரா வாரம் நோட்டு வரணும். எங்க போனே, யாரப் பாத்தே, என்ன படிச்சே, எந்தப் பக்கம். இது நாலு வரி இருந்தாலும் போதும். நோட்டு சரியா இருந்தா கட்டுரை தானா வந்துடும்.

மூணாவது, பேனாவ பையில வச்சுக்குங்க. பிள்ளையோட வாக்கியத்துல கை வைக்காதீங்க. நீங்க திருத்திக் கொடுத்தா பக்கம் நல்லா இருக்கும், பிள்ளை அப்படியே இருக்கும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயா உங்க மேல ரொம்ப மரியாதை உண்டு, ஆனா அந்த மூணாவது பாயிண்ட்ட என்னால ஒத்துக்க முடியல. நான் நீடாமங்கலம் பக்கத்து ஆளு, எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரி, இப்ப பொருளியல் எடுக்கறேன். கை வைக்காதீங்கன்னு சொல்றது, வீட்ல அப்பா அம்மா படிச்சவங்களா இருக்கற பிள்ளைக்கு சரி. அவங்க வீட்ல யாராவது ஒருத்தர் டிராஃப்ட்ட படிச்சு, இங்க புரியல, இத மாத்துன்னு சொல்லிடறாங்க. எங்க பிள்ளைக்கு அந்த ஆள் நாமதான். நாமளும் பேனாவ பையில போட்டுக்கிட்டா அந்தப் பிள்ளைக்கு ஒரு பத்தி எப்படி எழுதறதுன்னு யாரு சொல்லிக் கொடுப்பா? சுதந்திரமா பண்ணட்டும்னு விடறது பல பேருக்கு கை விட்ட மாதிரிதான் ஆகுது, நான் கண்ணால பாத்துருக்கேன், நல்லா ஃபீல்டு வொர்க் பண்ணின பொண்ணு எழுதத் தெரியாம கடைசி வாரத்துல டிடிபி சென்டருக்கு போயி நிக்குது.

நான் பண்றது என்னன்னா, எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு, அவங்க யார் தலைப்பும் இல்லாத வேற ஒரு தலைப்புல ஒரு பத்திய போர்டுல சேந்து கட்டறோம். உதாரணத்துக்கு, நானே எங்க தெருவுல ஒரு பெரியம்மாகிட்ட பேசி எடுத்த குறிப்பு. 1960கள்ல தஞ்சாவூர் மாவட்டத்துக்கு பேக்கேஜ் புரோகிராம்னு விவசாயத் திட்டம் வந்து, ஆடுதுறையிலேருந்து ஏடிடி 27 நெல் ரகம் வந்தப்ப நடவு கூலி ஆளுங்களுக்கு என்ன மாறுச்சுன்னு. பெரியம்மா சொன்னது பத்து வரி. அதுல எது தகவல், எது அவங்க அபிப்பிராயம், எது வேற ஆள்கிட்ட சரி பாக்கணும், இத கோடு போட்டு பிரிப்போம். அப்பறம் முதல் வாக்கியம் என்ன சொல்லணும்னு பசங்கள கேப்பேன், போர்டுல எழுதுவேன், அழிப்பேன், திரும்ப எழுதுவேன். ஒரு மத்தியானம் முழுக்க ஒரே பத்திதான். அதுக்கப்பறம் அவங்க தலைப்புல அவங்களே எழுதணும், அதுல முதல் பக்கம் தவிர நான் கை வைக்க மாட்டேன்.

கை வைக்கவே கூடாதுங்கறதுக்கும் எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கறதுக்கும் நடுவுல இவ்வளவு எடம் இருக்கு ஐயா.

மன்னை_டு_சென்னை எழுதியது:

சொந்த ஊர் மன்னார்குடி, இப்ப சென்னையில ஒரு ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) ஸ்கூல்ல பன்னெண்டாவது பிள்ளைங்களுக்கு எக்ஸ்டெண்டட் எஸ்ஸேங்கற நீண்ட ஆய்வுக் கட்டுரைக்கு சூப்பர்வைசர். வேற உலகம்தான், ஃபீஸ் கட்டற வீட்டுப் பிள்ளைங்க, ஆனா அங்க விதி தெளிவா இருக்கறதால சொல்றேன், உபயோகப்படறத எடுத்துக்குங்க.

பிள்ளை தனியா ஒரு கேள்விய எடுத்து 4,000 வார்த்தைக்குள்ள எழுதணும், பிள்ளை செலவழிக்கற நேரம் சுமார் 40 மணி நேரம்னு வச்சிருக்காங்க. சூப்பர்வைசருக்கு 3லேருந்து 5 மணி நேரம்தான். கண்டிப்பா மூணு தடவை உக்காந்து பேசணும்: ஆரம்பத்துல, நடுவுல, முடிச்ச பிறகு. கடைசியா பேசறத வைவா வோசேன்னு சொல்வாங்க. முழு டிராஃப்ட்ட ஒரே ஒரு தடவைதான் படிச்சு கருத்து சொல்லலாம், அதுவும் ஓரத்துல கேள்வியா, குறிப்பா எழுதணுமே தவிர வாக்கியத்த திருத்தக் கூடாது. அதோட பிள்ளை எப்படி யோசிச்சுது, எங்க வழி மாறுச்சுன்னு 500 வார்த்தைக்குள்ள தானே எழுதிக் கொடுக்கணும், அதுக்கும் மார்க் உண்டு. எஸ்ஸேல ஈ கிரேடு வாங்கினா டிப்ளமோவே கெடைக்காது, அதனால யாரும் லேசா எடுத்துக்கறதில்ல.

இதுல நம்ம ஊருக்கு எடுத்துக்க வேண்டியது ரெண்டுன்னு நெனைக்கறேன். ஒண்ணு அந்த நடுவுல பேசற பேச்சு. முதல்ல தலைப்புக்கு பேசறோம், கடைசியில கையெழுத்துக்கு பேசறோம், நடுவுல ஆள பாக்கறதே இல்ல. பிள்ளை தொலையறது நடுவுலதான், படிச்சது குவிஞ்சு போயிருக்கும், கேள்வி மறந்து போயிருக்கும். அப்ப அரை மணி நேரம் உக்காந்து, உன் கேள்விய திரும்பச் சொல்லு, இதுவரைக்கும் கெடைச்சத வச்சு இப்ப உன் பதில் என்னன்னு கேட்டாலே போதும், பாதிப் பேர் அங்கயே கேள்விய மாத்திக்குவாங்க, மாத்தட்டும், நல்லதுதான். ரெண்டாவது அந்த 500 வார்த்தை. நம்ம பல்கலைக்கழக ஃபார்மேட்ல அது இல்ல, ஆனா தனியா ஒரு தாள்ல எழுதி வாங்கி வச்சுக்கலாம்ல? தமிழ்லயே எழுதட்டும்.

வெண்ணாறு தம்பி சொன்ன போர்டு வகுப்பு ஐபி விதிப்படியும் தப்பில்ல. வேற தலைப்புல பொதுவா சொல்லிக் கொடுக்கறது பாடம்தானே.

நாகை_பொண்ணு எழுதியது:

நான் கைடு இல்ல, கைடு கீழ பண்ணின பொண்ணு, ரெண்டு வருஷம் முன்னாடி முடிச்சேன். பிள்ளைங்க பக்கத்துலேருந்து சொல்லலாமா?

என் தலைப்பு கஜா புயலும் தென்னையும். 2018 நவம்பர் 16 விடியகாலையில அடிச்சப்ப நான் ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்தேன், எங்க மாமா வீடு பேராவூரணி பக்கம், தோப்பு முழுக்க படுத்துடுச்சு. அதனால நானே எடுத்த தலைப்பு. முதல்ல 50 கேள்வி வச்சு ஒரு கொஸ்டினேர் அடிச்சிட்டு போனேன், எங்க மேடம் பாத்துட்டு ஒண்ணும் அடிக்கல, இதுல எந்தக் கேள்விக்கு பதில் உனக்கு ஏற்கெனவே தெரியும்னு மட்டும் கேட்டாங்க. தெரிஞ்சதையெல்லாம் எடுத்தா மிச்சம் கொஞ்சம்தான். அத வச்சுக்கிட்டு போனேன்.

ஃபீல்டுல ஒரு சிக்கல் வந்துச்சு. விழுந்த மரம் எத்தனைன்னு வீட்டுக்காரர் ஒரு கணக்கு சொல்றார், நிவாரணப் பட்டியல்ல வேற கணக்கு. எனக்கு எத எழுதறதுன்னு தெரியல, பட்டியல்ல உள்ளதுதான் சரின்னு அத எழுதிட்டேன். மேடம் நோட்ட பாத்துட்டு, ரெண்டு கணக்கு ஏன் வேறயா இருக்குன்னு போயி கேட்டுட்டு வான்னாங்க. திரும்பப் போனா, சாயாம நின்ன மரமெல்லாம் பட்டியல்ல வரல, ஆனா குருத்து திருகிப் போயி கொஞ்ச மாசத்துல அதுவும் செத்துடுச்சு, வீட்டுக்காரர் அதையும் சேத்து சொல்றார். தென்னை வச்சா நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அவருக்கு அந்த மரம் போனது போனதுதான். என் கட்டுரையோட மூணாவது அத்தியாயமே அந்த வித்தியாசம்தான். மேடம் ஒரு வரி கூட எழுதிக் கொடுக்கல, ஆனா அந்த "திரும்பப் போயி கேளு" இல்லன்னா அந்த அத்தியாயம் இல்ல.

கூடப் படிச்ச ஒருத்திக்கு வேற கைடு, பேரு வேணாம். அவர் ஒரு பழைய பைண்டு காப்பிய கொடுத்து இதே மாதிரி பண்ணிட்டு வான்னு சொல்லிட்டார். அவளும் பண்ணினா, அவளுக்கும் மார்க் வந்துச்சு. ஆனா இன்னைக்கு அவ தலைப்பு என்னன்னு கேட்டா அவளுக்கு ஞாபகம் இல்ல. நல்லா படிக்கற பொண்ணு சார் அவ. அது எனக்கு இன்னும் வருத்தம்.

அரசலாறு எழுதியது:

நாகைப் பொண்ணு, நீங்க எழுதினது ரொம்ப உபயோகம்மா. ஏற்கெனவே தெரிஞ்ச பதில எடுத்துடறதுங்கறத நாளைக்கே பசங்ககிட்ட செஞ்சு பாக்கறேன்.

இப்ப ஒரு குறிப்பான விஷயம். ஒரு மாணவன், வலங்கைமான் பக்கம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்த பத்தி பண்ணணும்னு வந்து நிக்கறான். அவங்க அப்பா விவசாயி, அறுத்த நெல்ல கொட்டி வச்சு மழைக்கு தார்ப்பாய் மூடி காத்துக்கெடக்கறத வருஷா வருஷம் பாக்கறவன். விருப்பம் நெஜமான விருப்பம். ஆனா அங்க கேக்கப் போனா மூட்டைக்கு எவ்வளவு லஞ்சம் கொடுக்கறோம்னு ஆளுங்க பேசுவாங்க, அத எழுதினா சொன்னவங்களுக்கு பிரச்சனை வருமோன்னு எனக்கு பயமா இருக்கு. வேற தலைப்பு எடுன்னு சொல்லவும் மனசு வரல.

குடந்தை_பெரியவர் எழுதியது:

சொல்லாதீங்க மேடம், அந்தப் பையன் பண்ணட்டும். ஆனா கேள்விய பாத்துக்கணும். யாரு காசு வாங்கறாங்கன்னு கண்டுபிடிக்கறது அவன் வேலை இல்ல, அதுக்கு வேற துறை இருக்கு. அவன் பாக்க வேண்டியது நெல்லோட ஈரப்பதம். 17 சதவீதம் வரைக்கும்தான் எடுக்கலாம்னு விதி, டெல்டாவுல மழை வந்தா ஒவ்வொரு வருஷமும் 22 வரைக்கும் தளர்த்தச் சொல்லி கேக்கறாங்க, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துட்டு போகுது. அறுவடை நாளுக்கும் எடை போட்ட நாளுக்கும் நடுவுல எத்தனை நாள் நெல்லு கெடந்துச்சு, அதுல எவ்வளவு நாள் ஈரப்பதத்தால, எவ்வளவு நாள் சாக்கு இல்லாததால, லாரி வராததால. விவசாயிக்கு விவசாயி இது மாறும். இத ஒரே ஒரு நிலையத்துல, ஒரு சம்பா அறுவடையில பாத்தாலே போதும்.

பேரு விஷயத்துல ரொம்ப கண்டிப்பா இருங்க. சமூகவியல் அறிஞர் ஆந்த்ரே பெத்தேய் 1960கள் ஆரம்பத்துல திருவையாத்துப் பக்கம் ஒரு கிராமத்துல தங்கி ஆராய்ச்சி பண்ணினார், எழுதினப்ப ஊர் பேர ஸ்ரீபுரம்னு மாத்திட்டார். மானிடவியல் அறிஞர் கேத்லீன் கஃப் நம்ம ஜில்லாவுல பண்ணினதுல கும்பபேட்டைன்னு வரும், அதுவும் மாத்தின பேருதான். அவ்வளவு பெரிய ஆளுங்களே அந்த ஜாக்கிரதையோட இருந்திருக்காங்க. நம்ம பிள்ளைங்க ஆர்வத்துல பேரு, ஃபோட்டோ, செல் நம்பர் எல்லாம் பின்னிணைப்புல போட்டுடும். பேச வர்றவங்ககிட்ட இது எதுக்கு, எங்க போகும், வேணாம்னா இப்பவே நிறுத்திக்கலாம்னு முதல்லயே சொல்லச் சொல்லுங்க.

இன்னொண்ணும் இருக்கு, யாரும் வெளிப்படையா பேச மாட்டாங்க. நம்ம ஊர்ல எந்தத் தெருவுலேருந்து வர்ற பிள்ளை எந்தத் தெருவுல போயி நிலம் யாருது, கூலி எவ்வளவுன்னு கேக்குதுங்கறது சின்ன விஷயம் இல்ல. அந்தப் பிள்ளைக்கு என்ன மரியாதை கெடைக்கும், என்ன ஆபத்து வரும்னு கைடு முன்கூட்டியே யோசிக்கணும். ரெண்டு பேரா போகட்டும், பகல்ல போகட்டும், வீட்ல சொல்லிட்டு போகட்டும். கீழ்வெண்மணி பத்தி பண்ணணும்னு ஒரு பிள்ளை வந்துச்சு. 1968 டிசம்பர் 25, 44 பேர் எரிஞ்சு செத்த ஊர். உயிரோட இருக்கற வயசானவங்கள உக்கார வச்சு அந்த ராத்திரிய திரும்பச் சொல்ல வைக்க நமக்கு என்ன உரிமை இருக்குன்னு அந்தப் பிள்ளையோடயே உக்காந்து பேசினேன். ஏற்கெனவே பதிவானது நிறைய இருக்கு, அத படிச்சா போதும்னு அதுவே முடிவு பண்ணி, அந்தச் சம்பவத்த அன்னைக்கு பத்திரிகைகள் எப்படி எழுதுச்சுன்னு எடுத்துக்கிச்சு. நல்ல கட்டுரை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

கொள்முதல் நிலையம் பண்ற தம்பிக்கு ஒரு விஷயம், அளவு. ஃபீல்டுல யாரும் ஹெக்டேர், டன்னுன்னு பேச மாட்டாங்க, மா கணக்குலயும் மூட்டை கணக்குலயும்தான் சொல்வாங்க. 100 குழி ஒரு மா, அது 33 சென்ட், 20 மா ஒரு வேலி. இது தெரியும். மூட்டைதான் ஏமாத்தும். கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம், வியாபாரிகிட்ட போடற மூட்டை 60 கிலோ. வயசானவங்க கலம்ங்கற பழைய அளவுல சொல்வாங்க. மூணையும் ஒரே பட்டியல்ல மூட்டைன்னு போட்டுட்டா மொத்த அட்டவணையும் தப்பு. நோட்டுல அவங்க சொன்ன அளவ சொன்னபடியே எழுதிட்டு பக்கத்துல கிலோவ எழுதணும். மாத்தி எழுதினத மட்டும் வச்சிருந்தா அப்பறம் சரி பாக்க வழி இல்ல.

நேரமும் முக்கியம். சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில. நம்ம பசங்களும் அப்ப வீட்டு வேலையில இருப்பாங்க, காலேஜுக்கே சரியா வர மாட்டாங்க. அத திட்டறதுக்கு பதிலா அந்த மாசத்தையே ஃபீல்டு வொர்க்குன்னு வச்சுட்டா, களத்துல நிக்கும்போதே நோட்டு எழுதலாம். நான் இப்ப அப்படித்தான் வைக்கறேன். தலைப்பும் கொஸ்டினேரும் நவம்பர், டிசம்பர்ல மழை லீவுக்கு நடுவுல முடிஞ்சுடணும், பொங்கலுக்கு அப்பறம் களம், மார்ச்ல எழுத்து. ஜூன்ல தண்ணி தொறக்கறத நேர்ல பாக்கணும்ங்கற தலைப்புன்னா கடைசி செமஸ்டர்ல எடுத்து பிரயோஜனம் இல்ல, முதல் வருஷ லீவுலயே ஆரம்பிச்சிருக்கணும்.

பாமணி எழுதியது:

சாட்ஜிபிடி பத்தி யாரும் சொல்லலயே? எங்க டிபார்ட்மெண்ட்ல வாரத்துக்கு ஒரு மீட்டிங் அதுக்குத்தான் நடக்குது. சாஃப்ட்வேர்ல ஒப்புமை 10 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும்னு 2018 யுஜிசி விதிய காட்டி உக்காந்துடறாங்க. மெஷின் எழுதினது எங்கேருந்தும் காப்பி அடிச்சது இல்லையே, அதுல எப்படி மாட்டும்?

கடைமடை_டீச்சர் எழுதியது:

சதவீதத்த வச்சு புடிக்க முடியாதுங்க. பிள்ளைகிட்ட பேசினா தெரிஞ்சுடும். எங்க பள்ளியில ஒரு பிள்ளை கொண்டு வந்த கட்டுரையில ஒரு நூல் பேரு, ஆசிரியர் பேரு, பக்கம் எல்லாம் பக்காவா இருந்துச்சு, தேடினா அப்படி ஒரு நூலே கிடையாது. நான் சத்தம் போடல. இந்த நூல எங்க பாத்தேன்னு கேட்டேன், பிள்ளையே சொல்லிடுச்சு. அன்னையிலேருந்து ஒரு பழக்கம்: மேற்கோள் காட்டற ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பக்கத்த ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கணும், ஆள்கிட்ட கேட்டதுன்னா நோட்டுல தேதி இருக்கணும். இந்த ரெண்டும் இல்லாத வரி கட்டுரையில இருக்கக் கூடாது.

எங்க வாய்க்கால்ல தண்ணி எந்தத் தேதியில வந்துச்சுன்னு அந்த மெஷினுக்கு தெரியவே தெரியாது. தலைப்பு சரியா இருந்தாலே பாதி பிரச்சனை தீரும்.

மன்னை_டு_சென்னை எழுதியது:

ஐபில தடையே போடல. எங்க பயன்படுத்தினியோ அத சொல்லிட்டு பயன்படுத்து, சொல்லாம போட்டா பிறர் எழுத்த திருடினதுக்கு சமம், அவ்வளவுதான் விதி. ஆனா டீச்சர் சொன்னதுதான் நடைமுறையில வேலை செய்யுது. வைவாவுல நான் கேக்கறது ரொம்ப சாதாரணம், இதுல உனக்கு எதிர்பாக்காத பதில் எங்க கெடைச்சுது? தானே பண்ணின பிள்ளைக்கு கண்ணு விரியும், நிறுத்த முடியாது.

குடந்தை_பெரியவர் எழுதியது:

வெண்ணாற்றங்கரை தம்பி, உங்க போர்டு வகுப்ப நான் தப்பு சொல்லல, அது நல்ல வேலை, நான் எடுத்திருந்தா எங்க பசங்களுக்கும் நல்லா இருந்திருக்கும். ஆனா பிள்ளையோட டிராஃப்ட்ல பேனா வைக்கறதுல மட்டும் என் கருத்து மாறல. வீட்ல முதல் முதலா படிக்க வந்த பிள்ளைக்குத்தான் அது இன்னும் முக்கியம். நீங்க ஒரு வாக்கியத்த நல்லா மாத்திட்டா, அது தன் வாக்கியத்த விட நல்லா இருக்குன்னு பிள்ளைக்கு தெரியும், அப்பறம் தன் வாக்கியத்த எழுதவே கூசும். இத பல பிள்ளைங்ககிட்ட பாத்தவன் நான்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயா, கூச்சம் வர்றது நாம திருத்தறதால மட்டும் இல்ல, எப்படித் திருத்தறோம்ங்கறதால. பக்கத்துல உக்கார வச்சு, ஏன் மாத்தறேன்னு சொல்லி, மாத்தின பிறகு உனக்கு இது சரியா படுதா இல்ல வேற மாதிரி சொல்லுவியான்னு கேட்டா பிள்ளை சண்டை போடும், நெஜமாவே போடும். முதல் பக்கம் மட்டும் அப்படி. மீதிய நான் தொடறதில்ல. இதுல நாம ஒத்துப் போக மாட்டோம்னு நெனைக்கறேன், பரவால்ல ஐயா.

அரசலாறு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கொள்முதல் நிலையத் தம்பிகிட்ட இன்னைக்கு பேசினேன், ஈரப்பதமும் காத்திருந்த நாளும்னு சொன்னதும் அவனே நோட்ட எடுத்து, அப்பா நெல்லு கொட்டின தேதி, பக்கத்து வயக்காரர் கொட்டின தேதின்னு எழுத ஆரம்பிச்சுட்டான். முதல் பக்கத்துக்கு வெண்ணாற்றங்கரை சொன்ன மாதிரி பக்கத்துல உக்காந்து பாக்கப் போறேன், மீதி டிராஃப்ட்டுக்கு பெரியவர் சொன்னபடி ஓரத்துல கேள்வி மட்டும். நடுவுல பேசற தேதிய பிப்ரவரி ரெண்டாவது வாரம்னு இப்பவே போட்டாச்சு.

நாகைப் பொண்ணு, உங்க பழைய ஃபீல்டு நோட்டு இருக்கா? ஒரு நல்ல நோட்டு எப்படி இருக்கும்னு எங்க பசங்க யாரும் பாத்ததே இல்ல.

நாகை_பொண்ணு எழுதியது:

இருக்கு மேடம், ரெண்டு நோட்டு. கையெழுத்து சுமாராத்தான் இருக்கும், அடிச்சு எழுதினதெல்லாம் அப்படியே கெடக்கு. ஆளுங்க பேர மறைச்சுட்டு ஸ்கேன் பண்ணி ஞாயித்துக்கிழமை அனுப்பறேன்.

குடந்தை_பெரியவர் எழுதியது:

பேரு மட்டும் போதாதும்மா. சர்வே நம்பர், தோப்பு எந்த ரோட்டுல இருக்குங்கற விவரம் இருந்தா அதையும் மறைச்சுடு. அடிச்சு எழுதினத மட்டும் மறைக்காதே, பிள்ளைங்க முக்கியமா பாக்க வேண்டியது அதுதான்.